எண் பதினேழு

மண்டையோட்டுத் தையல்கள் கூடும் புள்ளியிலிருந்து
பின்னால் ஐந்து மில்லிமீட்டர் சொச்சம்,
பக்கவாட்டில் இரண்டு,
ஆழம் எட்டுக்குக் கொஞ்சம் குறைய.
வீட்டு முகவரி மறந்தாலும் எனக்கு இது மறக்காது.

அந்த இடத்துக்குக் கருந்திட்டு என்று பெயர்.
எலிக்கு அது கறுப்பாய் இருப்பதில்லை,
மனிதனைப் பார்த்து வைத்த பெயர்.
டோபமின் ஊறுகிற இடம்.
வெளிச்சம் படாமல் தாளில் சுற்றிய குப்பியிலிருந்து
நான் செலுத்துகிற மருந்து
டோபமினுக்கு உறவுக்காரன் முகம் கொண்டது.
கதவைத் தட்டும்,
செல்லும் திறந்துவிடும்.
பிறகு உள்ளிருந்து கொளுத்தும்.

ஒரு பக்கம் மட்டும் எரிந்தால்
எலி வட்டம் போடும்.
வட்டத்தை எண்ணலாம்,
எண்ணினால் கட்டுரை.
பதினேழுக்கு இரண்டு பக்கமும்.
எண்ண ஒன்றுமில்லை.

முன்கால்களைத் தூக்கிக் கம்பியில் வைத்தால்
கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட ஆள்போல
அப்படியே நிற்கும்.
நூற்றெண்பது நொடியில் கடிகாரத்தை நிறுத்திவிடுவேன்,
அதற்குமேல் எழுத அட்டவணையில் இடமில்லை.

தின்னாது. குடிக்காது.
அருளாந்துதான் சொட்டுக்குழாயில் பால் தருவார்.
'ஏம்மா, இதுக்கு வாதமா?'
'இல்லண்ணே, கால் நல்லாத்தான் இருக்கு.
போன்னு சொல்ல உள்ள ஆள் இல்ல.'
'தாலுகா ஆபீஸ்ல என் பட்டா மாதிரி' என்றார்.
சிரிப்பில் இரண்டு சொட்டு அதன் மீசையில் விழுந்தது.
அது துடைத்துக்கொள்ளவில்லை.

கார்த்திகை. மூன்று நாளாய் விடாத மழை.
எங்கள் கட்டடம் ரெயின்போ நகரில்,
வானவில் பெயரில் மட்டும்.
விடிகாலை மூன்று மணிக்கு
அருளாந்தின் போன்.
இடுப்பளவு இருட்டில் நடந்து போய்ச் சேர்ந்தபோது
உப்பனாறு வாய்க்கால்
கதவைத் தட்டாமலேயே உள்ளே வந்திருந்தது.

மேல்தட்டுக் கூண்டுகளை மாடிக்கு ஏற்றினோம்.
கீழ்த்தட்டில் கைவைத்தபோது
ஒரு கூண்டு சாய்ந்தது, மூடி மிதந்து போனது.
வாலில் மார்க்கர் மசி, பதினேழு.
போயிற்று என்று நினைத்தேன்.
முதலில் வந்தது துக்கமில்லை,
ஆறு வாரக் கணக்கு.

டார்ச் வெளிச்சத்தில்
தண்ணீரில் ஒரு கோடு கிழிந்தது.

நீந்துகிறது.
நாலு காலும் வேலை செய்ய,
மூக்கு மட்டும் வெளியே,
வால் சுக்கான்போல் திரும்ப,
வட்டமாக இல்லை,
நேராக,
மிதக்கிற உமி மூட்டையை நோக்கி.
பற்றி ஏறியது. உடம்பை உதறியது.
அருளாந்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டார்.

ஏறியதும் நின்றது.
அவ்வளவுதான்.
தண்ணீர் அதைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது,
மூட்டை அசைந்தது,
எலி அசையவில்லை.

இது புதிதில்லை.
தொட்டியில் விட்டுப் பார்த்து
நான் பிறக்கும் முன்பே எழுதிவிட்டார்கள்.
படித்திருக்கிறேன், தேர்வில் எழுதி
மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.
உமி ஒட்டிய அந்த ஈர உடம்பைக்
கையில் எடுத்தபோது
படித்தது எதுவும் உதவவில்லை.
துண்டில் துவட்டி மீண்டும் கம்பியில் வைத்தேன்.
ஏன் வைத்தேன் என்று தெரியாது.
நூற்றெண்பது.

குறிப்பேடு நனைந்து ஊதியிருந்தது.
'இதர' என்ற கட்டத்தில் எழுதினேன்:
தண்ணீரில் போனது. தரையில் இல்லை.
கைடு அந்த வரியை அடித்துவிட்டு
அருகில் ஒரு கேள்விக்குறி போட்டார்,
அவருடைய நல்ல குணம் அது.

அடுத்த வியாழன் மூளையை எடுத்தோம்.
மெல்லிய சீவல்களில்
சாயம் ஏற வேண்டிய இடமெல்லாம் வெளிறிக் கிடந்தது.
இழப்பு தொண்ணூற்றாறு சதவீதம்.

மொட்டைமாடியில் உமி காய வைத்துக்கொண்டிருந்த
அருளாந்திடம் சொன்னேன்.
'மிச்சம் நாலு. அந்த நாலுதான் நீஞ்சிச்சா?'
'தெரியலண்ணே.'
'வேற யாராச்சும் உள்ள இருந்திருப்பாங்களோ?'

அதற்கும் தெரியாது என்றேன்.
காலால் உமியைத் தள்ளிப் பரப்பினார்.
அன்று நல்ல வெயில்.